பிள்ளைக் கைமாத்து

எங்கள் வீட்டில் தலைக்கு நல்லெண்ணெய்தான் வைப்பது. அதனால் ஒரு வருசம் கழித்து நான் வீட்டுக்குத் திரும்பி வந்து என் தலையணையில் முகத்தை வைத்தபோது, அதில் ஊறிக் கிடந்த தேங்காயெண்ணெய் மணம் என்னுடையது இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. அது சோமாவின் மணம். எனக்கு அப்போது பத்து வயது. தலையணையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அம்மா போய் எடுத்து, மண்ணைத் தட்டி, ஒரு நிமிசம் தன் மூக்கருகே வைத்திருந்துவிட்டு உள்ளே கொண்டுவந்தார். அந்த ஒரு நிமிசத்தை நான் இந்த வயதிலும் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

இதை நானேதான் எழுதுகிறேன். பிழைகளை மகள் திருத்தினாள். திருத்தலாம், அழகாக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் ஒழுங்காகப் படிக்காதவள். ஏன் படிக்கவில்லை என்பதும் இந்தக் கதைதான்.

வன்னிக்குத் தெற்கே, எல்லைப் பக்கத்தில் ஒரு குளம். அதன் இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் சிங்களவர். குளத்துக்கு நாங்கள் ஒரு பேர் சொல்வோம், அவர்கள் ஒரு பேர் சொல்வார்கள், இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். உப்பு, மிளகாய், விதைநெல் எல்லாம் குளக்கட்டு வழியாக இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் "கைமாத்து" போகும். வாங்கினதை வாங்கின அளவிலேயே திருப்பிக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பேர். என் ஐயாவும் அக்கரையில் சோமாவதியின் தகப்பனும் சேர்ந்து மாடு வாங்கி விற்பவர்கள். அவர்கள் இருவரும் ஒருநாள் குளக்கட்டில் இருந்து பேசி, உப்பு மிளகாய் மாற்றுவது போலப் பிள்ளைகளையும் மாற்றுவதென்று முடிவெடுத்துக்கொண்டார்கள். நான் அங்கே போய்ச் சிங்களம் பழகுவது, என் வயதுக்காரி சோமா இங்கே வந்து தமிழ் பழகுவது, அடுத்த அறுவடை முடிய அவரவர் வீடு திரும்புவது.

"ரெண்டு பாசையும் தெரிஞ்சவளை ஒருத்தனும் ஏமாத்தேலாது," என்றார் ஐயா.

"பொம்பிளைப் பிள்ளையை ஆரும் மாத்துவினமோ?" என்று அம்மா கேட்டார்.

"மாட்டை மாத்தேக்க நீ வாய் திறக்கேல்லை. இப்ப மட்டும் என்ன?"

இப்படித்தான் நான் போனேன். சோமாவின் தாயை நான் "நெந்தா" என்று கூப்பிட்டேன். அவர்கள் பாசையில் அது மாமி. பொய் சொல்லக் கூடாது, நெந்தா நல்லவர். மீன் குழம்பில் தலையை எனக்குத்தான் வைப்பார். நாலு மாதத்தில் நான் சிங்களத்தில் சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கரையில் நடந்து போகக்கூடிய தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. நான் கன்று மேய்த்தேன், குரக்கன் புடைத்தேன். இந்தக் கரையில் சோமா என் சிலேற்றைத் தூக்கிக்கொண்டு, என் வாங்குப் பலகையில், என் இடத்தில் போய் இருந்து தமிழ் எழுதப் படித்தாள்.

நான் திரும்பி வந்த நாளில் இருந்து அம்மாவிடம் இதே கதைதான். சோமாவின் எழுத்து அச்சுப் போல, சோமா மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தடக்காமல் வாசித்தாள், சோமா போகும்போது வாத்தியாரே கண்கலங்கினார். அவளிடம் ஒரு குறை மட்டும் இருந்ததாம். அவளுக்கு "ட" எழுத வராது. சிங்கள எழுத்து எல்லாம் வளைவு என்பதால் அவள் கை மூலையில் மடங்காது, வளைந்தே போகும். வாத்தியார் அடிமட்டத்தால் விரலில் தட்டியும் பார்த்தார், சரிவரவில்லை. அந்தக் குறையை எனக்குச் சொல்லும்போதும் அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னை அனுப்பும்போது அழாத அம்மா, அவள் பெட்டியோடு குளக்கட்டில் ஏறிப் போகும்போது அழுதார் என்று பக்கத்து வீட்டுக் கந்தையா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு என்னை மறுபடி வகுப்பில் இருத்தினார்கள். சில மாதம் போயிருக்கும், நாட்டில் கலவரம் தொடங்கியது. முதலில் தூரத்து ஊர்களின் பேர் அடிபட்டது. பிறகு குளக்கட்டில் ஆள் நடமாட்டம் நின்றது. ஒருநாள் விடியக் காலை ஐயா எங்கள் வாசல் படலையில் சோற்றுப் பசை பூசி ஒட்டியிருந்த ஒரு கொப்பித் தாளைக் கழற்றிக் கொண்டுவந்தார். ஐயாவுக்கு வாசிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினார். எனக்கும் எழுத்துக்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி வாசித்தார்.

"நாளைக்கு முன்னம் போங்கோ. நிண்டால் வீடு எரியும்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தது. "வீடு" என்ற இடத்தில் அம்மா விரலை வைத்துக்கொண்டு நின்றார். அந்த எழுத்துக்கு மூலை இல்லை.

"இது எங்கட சோமாவின்ர எழுத்து."

"அவள் குழந்தைப்பிள்ளை," என்றார் ஐயா. "பெரியாக்கள் சொல்லி எழுத வைச்சிருப்பினம்."

"எழுதினவள் அவள்தானே? 'போங்கோ' எண்டு மரியாதையாய் எழுதியிருக்கிறாள் பாருங்கோ. நான் பழக்கின மரியாதை."

ஐயா மாட்டு வண்டிலைப் பூட்டினார். ஊரில் வேறு எந்தப் படலையிலும் கடுதாசி இருக்கவில்லை. ஐயா கந்தையா வீட்டுக்குப் போய், "வெளிக்கிடுங்கோ அண்ணை, பிள்ளையளை ஏத்துங்கோ," என்று எவ்வளவோ கேட்டார்.

"ஒரு பள்ளிக்கூடப் பெட்டையின்ர கடுதாசிக்குப் பயந்தோ ஓடுறாய்?" என்று கந்தையா சிரித்தார்.

எங்கள் கரை அடுத்த நாள் எரிந்தது. கந்தையா வீட்டில் இருந்து ஒருத்தரும் வந்து சேரவில்லை. நாங்கள் உறவுக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டிலில் இருந்தோம். நான் பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. அம்மா சாகும் வரை சோமாவின் பேரை வாயால் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களை எங்கள் பேச்சாலேயே துரத்தினவள் என்றுதான் இரண்டு பேரும் மனதுக்குள் வைத்திருந்தோம்.

வெளிநாட்டுக்கு வந்து இப்போது பார்க்டேலில் நான் இருக்கிற கட்டடத்தில், எனக்கு இரண்டு மாடி மேலே ஹெலேனா என்று ஒரு போலந்துக்காரி இருந்தார். என்னைவிட மூத்தவர். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் பழக்கம். அவருடைய இங்கிலிசும் பிஸ்கற் பக்டரியில் நான் பழகின இங்கிலிசும் ஒரே அளவு நொண்டி என்பதால் எங்களுக்குள் நன்றாகப் பேச்சு ஓடும். அவர் சொன்னதை என் பேச்சில்தான் எழுதுகிறேன். அவர் பிறந்தது சிலேசியாவில். ஜெர்மன்காரரும் போலந்துக்காரரும் கலந்து இருந்த எல்லை நிலம் அது. ஒரு காலம் இவர்கள் கையிலும் ஒரு காலம் அவர்கள் கையிலும் இருந்ததாம். அவருடைய ஊருக்கும் இரண்டு பேர். இரண்டையும் எனக்குச் சொல்லிக் காட்டினார். என் நாக்கில் இரண்டுமே நிற்கவில்லை.

போன பனிக்காலம், ஒரு படுக்கை விரிப்பை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது, என் ஐயாவின் மாட்டு வியாபாரப் புத்தியை நக்கலடித்து இந்தப் பிள்ளை மாற்றின கதையைச் சொன்னேன். கடுதாசி வரை சொன்னேன். ஹெலேனா விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"எங்கட அம்மாவையும் மாத்தினவை," என்றார். "எங்கட பக்கத்தில அது வழக்கம். அம்மா ஒரு வருசம் ஜெர்மன் மில்காரன் வீட்டில. அவன்ரை மகள் எங்கட அம்மம்மா வீட்டில."

"பிறகு?"

"ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சு ஊர் போலந்துக்கு வந்திட்டுது. ஜெர்மன்காரர் எல்லாரும் வெளிக்கிட வேணும், கையில தூக்கக்கூடியதை மட்டும் கொண்டு போகலாம் எண்டு கட்டளை. வீட்டுக்கு வீடு ஒட்டுறதுக்கு ஜெர்மன் எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும். அம்மாவைக் கொண்டுபோய் மேசையில இருத்திச்சினம். நான் மேசைக்குக் கீழ இருந்தனான்."

"மில்காரன் வீட்டுக்கும் எழுதினவவோ?"

"அதைத்தான் முதல் எழுதினவ. அதுகளுக்கு ஒரு நாள் கூடுதலாய்க் கிடைக்கட்டும் எண்டு."

"நன்றி சொல்லியிருப்பினமே?"

"மில்காரன்ரை மகள் ரோட்டில வைச்சு அம்மாவின்ர முகத்தில துப்பினவள்."

"அந்த வீடு ஆருக்குப் போச்சுது?" என்று கேட்டேன்.

ஹெலேனா விரிப்பின் சுருக்கத்தைக் கையால் தடவினார். "நான் அதுக்குள்ளதான் வளந்தனான். நாங்கள் எடுக்காட்டில் வேற ஆரும் எடுத்திருப்பினம்."

"அப்ப அவள் சரியாய்த்தான் துப்பியிருக்கிறாள்," என்றேன்.

"ஓம்," என்றார் ஹெலேனா. "அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ."

விரிப்பின் என் பக்கத்தை அவர் கையில் வைத்துவிட்டு, ஈரம் காயாத உடுப்போடு கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். ஒரு மாதம் அவர் கதவைத் தட்டவில்லை. பிறகு மனம் கேட்காமல் போனபோது கதவுக்குப் புதுப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். மிசிசாகாவில் இருக்கிற மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். எனக்கு விலாசம் தெரியாது.

அந்த ஒரு மாதமும் நான் அந்த மேசையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சோமாவையும் அப்படித்தான், பத்து வயதுப் பிள்ளையை இருத்தி, சுற்றி நின்று, எழுது என்றிருப்பார்கள். எல்லாப் படலைக்கும் எழுதச் சொல்ல, அவள் எங்களுக்கு மட்டும் எழுதினாளோ? ஒருத்தரும் சொல்லாமல் தானாக எழுதி, சோற்றுப் பசையோடு குளக்கட்டில் தனியாக நடந்து வந்தாளோ? அல்லது எங்கள் வளவும் நிலமும் தேவை என்று அவள் தகப்பனே சொல்லிக் கொடுத்தாரோ? அறுபது வருசத்துக்கு மேல் ஒரே ஒரு பதிலோடு நிம்மதியாக இருந்தவளுக்கு இப்போது மூன்று பதில்.

ஒஷாவாவில் இருக்கிற என் மகள் போனில் அந்த இடத்தைத் தேடிக் காட்டினாள். குளம் இருக்கிறது. அதற்கு இப்போது ஒரு பேர்தான், நாங்கள் சொன்ன பேர் இல்லை. இரண்டு கரையிலும் அவர்களுடைய ஆட்களே இருக்கிறார்களாம். ஹெலேனாவின் ஊர்ப் பலகையிலும் ஒரு பேர்தான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்த இரண்டு இடத்திலும் பிள்ளை மாற்றுவோம் என்று இனி யாரும் கேட்கப் போவதில்லை. மாற்றுவதற்கு மறுகரையில் வேறு பாசைப் பிள்ளை வேண்டுமே.

சோமா உயிரோடு இருந்தால் தேடிப் பிடிக்கலாம், ஒரு கடிதம் எழுதுங்கோ என்று மகள் நச்சரிக்கிறாள். ஒரு வருசம் அவள் வீட்டில் சாப்பிட்டும் அவள் எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தமிழில் எழுதினால் அவள் வாசிப்பாள், அது எனக்குத் தெரியும். ஹெலேனாவின் தாயை நான் மன்னித்துவிட்டேன். அது சுலபம், அவர் எழுதினது வேறு யாருடைய வாசலுக்கோ. சோமாவுக்கு இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை.