உறுவையாற்றுச் சுவரில் பாண்டாவுக்குப் புதுக் கிளை

நான் செய்த பிழை ஒன்று உறுவையாற்றுப் பள்ளிச் சுவரில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது என்று ஆசிரியை ஜெசிந்தா எழுதியிருந்தார். நாளிதழின் சிறுவர் பக்கத்தில் வந்த என் கட்டுரையை நம்பி, அவருடைய கணவர் ஆரோக்கியம் அங்கே விலங்குகளின் குடும்ப மரத்தை வரைந்தாராம். திங்கட்கிழமை சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். தப்பான பாடம் சுவரில் இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சனிக்கிழமையே கிளம்பினேன்.

புதுச்சேரியில் காலை 8.10-க்குப் பேருந்து. வில்லியனூர் பத்து கிலோமீட்டர்தான். மூலக்குளம் நெரிசலில் நாற்பது நிமிடம் ஆயிற்று. கட்டணம் பதினைந்து ரூபாய். அங்கிருந்து உறுவையாறு கிராமத்துக்கு ஆட்டோவுக்கு எண்பது.

“ஸ்கூலு லீவாச்சே, இன்னா சார் வேலை?” என்றார் ஓட்டுநர்.

“பாண்டா பார்க்க.”

“இங்க மாடுதான் சார் கீது. பரவால்லையா?”

பாண்டா இருந்தது. பன்னிரண்டு அடிச் சுவரில், ரக்கூனின் கிளையிலிருந்து பிரிந்த கொப்பில் மூங்கில் தின்றுகொண்டிருந்தது. பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து அப்படி எழுதியவன் நான். பாண்டாவுக்கும், ரக்கூன் இனமென்று அப்போது கருதப்பட்ட செம்பாண்டாவுக்கும் மணிக்கட்டில் கட்டைவிரல் போல ஓர் எலும்பு உண்டு. அதைப் பார்த்துத்தான் முன்பு பலர் ரக்கூன் பக்கம் சேர்த்தார்கள். மரபணுவைப் பார்த்தபின் பாண்டா கரடிக் குடும்பம் என்று முடிவாயிற்று. தின்பது மூங்கில், விலங்கியல் வரிசை என்னவோ ஊனுண்ணி.

“பேப்பர்ல வந்தா கரெக்டா இருக்கும்னு நம்புனேன் சார்” என்று சிரித்தார், ஜெசிந்தாவுடன் அங்கே காத்திருந்த ஆரோக்கியம்.

“ராசிபலனையே நம்புற ஆளுதான நீங்க” என்றார் ஜெசிந்தா.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்ததில் ஆரோக்கியத்தின் வலது கை போய்விட்டது. “அவரு இவ்ளோ பெருசா வரைஞ்சது இது ஒண்ணுதான் சார். வேற ஆளு கை படக் கூடாதுன்னு பார்க்கறேன்” என்று ஜெசிந்தா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“பாண்டாவ அழிச்சிட்டு கரடிகிட்ட வரையணுமா? என்னால ஆவாது” என்றார் ஆரோக்கியம்.

“பாண்டா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கிளையை மட்டும் மாற்றினால் போதும்” என்றேன். ஆய்வாளர்கள் செய்ததும் அவ்வளவுதான்.

பழைய கொப்பை ஜெசிந்தா வெள்ளை பூசி மறைத்தார். ஆரோக்கியம் இடது கையில் தூரிகையை எடுத்தார். கரடியின் கிளையிலிருந்து பழுப்புக் கோடு புறப்பட்டது.

“வளையுது ஜெசி.”

“வளையட்டும். மரம் இன்னா ஸ்கேல் வெச்சா வளருது?”

முக்கால் மணி நேரம் ஆயிற்று. படம் எடுத்துத் தலைமையாசிரியைக்கு அனுப்பினோம். “வெள்ளையடிக்க வேண்டாம்” என்று பதில் வந்தது. ஜெசிந்தா அதை இரண்டு முறை உரக்கப் படித்தார்.

போக நினைப்பவர்கள் முன்பே அனுமதி கேளுங்கள். பள்ளி நாளானால் மாலை நான்குக்கு மேல். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இல்லை, வில்லியனூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு பாதி வழியில் ஓரிடத்தில் சற்றுத் தடித்திருக்கும். ஆரோக்கியம் அங்கே தூரிகையை எடுக்காமலே நிறுத்தி, ஜெசிந்தாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.