சந்தனம் வைத்த பாலிசி

இவ்வூரில் வீட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே, என் மகன் வீட்டுக்குக் குடிவந்த முதல் கோடையில் அதைக் கண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பொடித்துளைகள் போட்ட ரப்பர் குழாயொன்றைச் சுவரோரமாக வீட்டைச் சுற்றிக் கிடத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டுக் கைகட்டி நின்றார். அங்கே செடி ஒன்றையும் காணாததால், என்ன பயிர் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "ஹவுஸ்" என்றார். என் ஆங்கிலத்தின்மேல் ஐயங்கொண்டு மறுபடி கேட்டேன். அவர் என் காதின்மேல் ஐயங்கொண்டு, உரக்க, "ஹவுஸ்" என்றார். பிறகுதான் குனிந்து பார்த்தேன். கரிசல் மண். விரல் நுழையுமளவு வாய்பிளந்து கிடந்தது. ஈரம் வற்றினால் மண் சுருங்கி அஸ்திவாரம் வெடித்துவிடுமாம்; ஆகவே வீட்டுக்கு நீர் பாய்ச்சுகிறார்கள். கோவில்பட்டியை விட்டு இத்தனை கடல் தாண்டி வந்தும் அதே மண்ணின்மேல்தான் நிற்கிறேன் என்றறிந்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. அந்த மண்ணும் மழையும் சேர்ந்து என்னிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டன. மண்ணையும் மழையையும் நான் மன்னித்துவிட்டேன். அதில் பங்குள்ள மனிதனை மன்னிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டி டாக்சி ஸ்டாண்டில் எனக்குச் சொந்தமாக ஓர் அம்பாசடர் கார் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சவாரிக்குக் காத்திருந்த பொழுதுகளில் நாளிதழ்களையும் நூலகப் புத்தகங்களையும் வாசித்தே இந்தத் தமிழைச் சேர்த்துக்கொண்டேன். ஆங்கிலம் மட்டும் சேரவில்லை. அக்குறையை நன்கு அறிந்தவன் சங்கரபாண்டி. எங்கள் தெருக்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன், இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அக்காலத்தில் காருக்கு இரண்டு வகைப் பாலிசிதான். ஒன்று, நம் வண்டியால் பிறருக்குக் கேடு நேர்ந்தால் அவர்களுக்கு மட்டும் கொடுப்பது. மற்றது, நம் வண்டிக்கே கேடு வந்தாலும் கொடுக்கும் முழுக்காப்பு. நான் முழுக்காப்பைக் கேட்டு, அதற்குரிய தொகையையே அவன் கையில் கொடுத்தேன். ஆயுத பூஜையன்று காலையில் தாளைக் கொண்டுவந்தான். புதிதாக எந்தப் பத்திரம் வீட்டுக்கு வந்தாலும் சந்தனமிட்டுச் சாமி படத்தடியில் வைத்தெடுப்பது எங்கள் வழக்கம். அன்று அவனே கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, தாளின் மேற்புறத்தில் அடர்த்தியாக ஒரு பொட்டு வைத்தான்.

"முழுசாப் போட்டாச்சு அண்ணாச்சி. இனி வண்டிய யானை மிதிச்சாலும் நீங்க கவலப்பட வேண்டாம்" என்றான்.

சாமி முன் வைத்தெடுத்த தாளைப் பிறரிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. காரின் டேஷ்போர்டில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த மாதமே ஐப்பசி மழை கொட்டியது. எட்டயபுரத்திலிருந்து சவாரி ஏற்றிக்கொண்டு திரும்புகையில், வழியிலிருந்த ஓடையில் முழங்காலளவு நீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் சக்கரம் சேற்றில் புதைந்தது. சவாரி வந்தவர்களை இறக்கிக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளம் வந்து காரைப் புரட்டிக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் அது கருவேலங்காட்டில் அகப்பட்டபோது, கார் என்று சொல்லத்தக்கதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. டேஷ்போர்டை நெம்பித் திறந்து தாளை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் அது நனையாமலிருந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் அதை வாங்கிய குமாஸ்தா, பேனா மூடியால் சந்தனத்தைச் சுரண்டினார். அடியில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன.

"அண்ணாச்சி, இதுல எதிராளிக்கு ஒண்ணு ஆனாத்தான் குடுப்பாவ. ஒங்க வண்டிக்குச் சல்லிக்காசு கெடையாது. ஒங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டலையா?"

நேரே சங்கரபாண்டி வழக்கமாக இருக்கும் டீக்கடைக்குப் போனேன். அவன் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைக்கவுமில்லை.

"மேல போட்டா ஒங்களுக்குக் கட்டுபடியாகாதுன்னு நாந்தான் கொறச்சிட்டேன் அண்ணாச்சி. மிச்சத்த அடுத்த வருசத்துல கழிச்சுக்கிடலாம்னு பாத்தேன்."

பெஞ்சிலிருந்த ஒருவன், "யானை மிதிச்சிருந்தா கெடச்சிருக்கும். இத மிதிச்சது தண்ணியாப் போச்சே" என்றான். கடையே சிரித்தது. சங்கரபாண்டியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பத்திரப்படுத்தி வைத்தேன். சொந்தக் கார் நிறுத்தியிருந்த அதே ஸ்டாண்டில், இன்னொருவர் காருக்குச் சம்பள டிரைவராக எட்டு ஆண்டுகள் நின்றேன். அவ்வழியே போகும்போதெல்லாம், "என்ன அண்ணாச்சி, சவாரி உண்டா?" என்று கேட்டுவிட்டே போவான். என்றோ ஒருநாள் அவனுக்குச் சொல்ல வேண்டிய மறுமொழியை, அப்போதெல்லாம் மனத்துக்குள் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன்.

டெக்சஸுக்கு வந்தபின் மகன் எனக்கொரு கார் வாங்கிக் கொடுத்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் ஓர் அம்மையார் வகைகளை அடுக்கினார். லையபிலிட்டி என்பது பிறருக்குக் கொடுப்பது. சட்டம் கேட்பது அதை மட்டுமே. கொலிஷன் என்பது மோதலில் நம் வண்டிக்கு. காம்ப்ரிஹென்சிவ் என்பது வெள்ளம், களவு, ஹெயில் எனப்படும் கல்மழை ஆகியவற்றுக்கு. இன்சூரன்ஸ் இல்லாதவன் வந்து நம்மை மோதினால் அதற்கும் தனியே ஒன்றுண்டு. எல்லாவற்றையும் கேட்டேன். வரிவரியாக வாசிக்கச் சொல்லி மகனைத் தமிழில் சொல்ல வைத்தேன். கடைசியாக, இதில் இல்லாதது எது என்று வினவினேன். நான் குறைபட்டுக்கொள்வதாக எண்ணி அவ்வம்மையார் மேலாளரை அழைத்துவிட்டார். கிடைப்பது எது என்றுதான் இங்கே யாவரும் கேட்பார்களாம்.

மூன்றாம் ஆண்டில் சங்கரபாண்டி தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணாச்சி, நம்ம உமாவுக்கு ஒங்க ஊர்லயே வேல கெடச்சிருக்கு. அங்கன கார் இல்லாம ஒண்ணும் நடக்காதாமே. நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான்னு பிள்ளைட்ட சொல்லிட்டேன்."

உமா அவனுடைய ஒரே மகள். ஒரு பழைய காரை ரொக்கத்துக்கு வாங்கினாள். அதே ஆபீசுக்கு நானே அழைத்துப் போனேன். அம்மையார் வகைகளை அடுக்கி முடித்ததும் உமா என் பக்கம் திரும்பினாள்.

"எது எது வேணும் பெரியப்பா?"

சட்டம் கேட்பது மட்டும் போதும் என்றேன். பழைய காருக்கு மேற்காப்பு எடுப்பது வீண் என்று இங்கே பலரும் சொல்வதுண்டு. ஆகவே நான் சொன்னதில் பொய்யில்லை. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்காகவே அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தேன். அம்மையார் என்னை நினைவில் வைத்திருந்தார். உங்களுக்கென்றால் எல்லாவற்றையும் கேட்டீர்களே, இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் வேண்டாமா என்று என்னையே நோக்கிக் கேட்டார். ஆங்கிலம் புரியாதவனைப் போல் புன்னகைத்தேன்; பெரியப்பா சொன்னதே போதும் என்று உமா கையெழுத்திட்டாள். என் ஆங்கிலக் குறை வாழ்நாளில் முதன்முதலாக எனக்குப் பயன்பட்டது.

அந்த ஞாயிறன்று உமா தாளோடும் ஒரு சிறு பொட்டலத்தோடும் வீட்டுக்கு வந்தாள். "கழுகுமலைச் சந்தனம் பெரியப்பா. பேப்பர் வந்ததும் ஒங்க கையால வைக்கணும்னு அப்பா சொல்லிவிட்டாவ" என்றாள்.

என்னை இகழ்ந்து அனுப்பியதல்ல அது. நான் நெடுநேரம் யோசித்தே அம்முடிவுக்கு வந்தேன். அவனுக்கு மறந்துபோயிருந்தது. என் காரை, ஸ்டாண்டை, எட்டு ஆண்டுகளை, எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருந்தான். நான் சந்தனத்தைக் குழைத்தேன். வகைகள் அச்சிட்டிருந்த இடத்தைத் தேடி, காம்ப்ரிஹென்சிவ் என்பதற்கு நேரே இல்லை என்றிருந்த சொல்லின்மேல் விரலை ஊன்றினேன். என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

சித்திரை மாதம் ஒரு பிற்பகல் வானம் பச்சை நிறங்கொண்டு, எலுமிச்சங்காய்ப் பருமனில் கல்மழை பெய்தது. வாசலில் நின்ற என் கார் அம்மை வார்த்ததுபோல் ஆயிற்று. பத்தே நாளில் இன்சூரன்ஸ்காரர்கள் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். குடியிருப்பின் திறந்தவெளியில் நின்ற உமாவின் காரில் ஒரு கண்ணாடியும் தப்பவில்லை. செப்பனிடும் செலவு காரின் விலையை மிஞ்சியதால் பழைய இரும்புக்குப் போயிற்று.

"மனசு ஆறிச்சா இப்ப?" என்று என் மனைவி கேட்டாள். மறுநாள் வரவேண்டிய அழைப்புக்காகக் காத்திருந்தேன். வந்தது.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணும் குடுக்க மாட்டேங்காவளாமே. முழுசாப் போடலையா?"

"மேல போட்டா பிள்ளைக்குக் கட்டுபடியாகாதுன்னு நாந்தான் கொறச்சிட்டேன்."

மறுமுனையில் எங்கோ ஒரு பேருந்து ஹாரன் அடித்து ஓய்ந்தது. பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், "சந்தனம் வச்சீங்களா?" என்று கேட்டான்.

"வச்சேன். எழுத்து மேலயே வச்சேன்."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

நான் வருந்துகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்த ஒரு கணத்துக்காக இத்தனை ஆண்டுகள் உயிரோடிருந்தது வீண்போகவில்லை. ஆயினும் இவ்வூரில் பேருந்து கிடையாது. அடுத்த கார் வாங்கும்வரை தன்னை வேலைக்குக் கொண்டுவிட முடியுமா என்று உமா கேட்டாள். காரணம் சொல்லாமல் மறுக்க வழியில்லை. சங்கரபாண்டி அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று தெரிகிறது; சொல்வதானால் தன் கதையிலிருந்தே தொடங்கியாக வேண்டும். ஆகவே காலை ஏழரைக்கு அவள் வாசலில் காரை நிறுத்துகிறேன். முதல்நாள், ஸ்டாண்டுப் பழக்கத்தில், இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் சிரித்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். கைப்பையிலிருந்து தன் பழைய பாலிசித் தாளை எடுத்து, டேஷ்போர்டைத் திறந்து, என் தாளின்மேல் வைத்தாள்.

"சந்தனம் வச்ச பேப்பரு பெரியப்பா. கீழ போட மனசு வரல. இங்கனயே இருக்கட்டும்."

இருக்கிறது. கீழே, ஒன்று விடாமல் எல்லாக் காப்பும் எழுதிய டெக்சஸ்காரனாகிய என் தாள். அதன்மேல், காய்ந்து விரிசல் கண்ட பொட்டோடு, கோவில்பட்டிக்காரனாகிய என் விரல் பட்ட தாள். அதை எடுத்து எறிய என் கையும் எழவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு, வெடித்த கரிசலுக்கு நடுவே போட்ட சாலையில், நாள்தோறும் சங்கரபாண்டியின் மகளுக்குச் சவாரி ஓட்டுகிறேன்.