இரண்டடியில் ஒன்றரை அங்குலம்

முப்பத்தொரு வருடங்களில் நான்கு. வெர்னன் ராபிடூ ஒரே மிருகத்தின் மேல் இரண்டாவது தோட்டாவைச் செலவழித்த தடவைகள் இவ்வளவுதான். முதலாவது, தொழிலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பனிக்கட்டியில் கால் வழுக்கியதால். மற்ற மூன்றும் இந்த வருட இலையுதிர்காலத்தில்.

வெர்மான்ட்டின் வடகோடி மலைகளில் இரண்டு பன்றி, ஒரு மாடு என்று வளர்ப்பவர்கள், வீட்டுக்கு வேண்டிய இறைச்சியை வீட்டு முற்றத்திலேயே வெட்டிக்கொள்வார்கள். வெட்ட ஆள் வரவேண்டும். இருபது மைல் சுற்றளவுக்கு அந்த ஆள் வெர்னன்தான். பளு தூக்கி பொருத்திய பழைய பிக்கப் வண்டி, அப்பாவிடமிருந்து வந்த பாயின்ட் டூ டூ ரைஃபிள், தோலுரிக்க மனைவி ரீட்டாவின் தம்பி கிளேட்டன். வேறு மூலதனம் கிடையாது.

அவர் வேலை செய்யும் விதம் எல்லோருக்கும் தெரியும். பன்றியைக் கட்ட மாட்டார், விரட்ட மாட்டார். அது பழகிய பட்டியிலேயே, பழகிய கையால் ஒரு வாளி மக்காச்சோளம் வைக்கச் சொல்வார். இரண்டடி தள்ளி நிற்பார். அது தலையைத் தூக்கி அவரைப் பார்க்கிற ஒரு கணம் வரும். கண்களுக்கு ஓர் அங்குலம் மேலே, நடு நெற்றி. அவ்வளவுதான். பிறகு கிளேட்டன் பன்றியின் தலையைக் கழுவும்போது அதன் வாயைத் திறந்து பார்ப்பான். மெல்லாத சோளம் உள்ளே இருந்தால், "வாய் நெறைய இருக்கு மச்சான்" என்று குரல் கொடுப்பான். வெர்னன் கேட்க விரும்பிய ஒரே பாராட்டு அது. இரண்டாவது தோட்டா போனால் அன்று கூலி வாங்க மாட்டார், ஒரு வாய் காபியும் குடிக்க மாட்டார்.

ஆகஸ்டில் கண் மங்கத் தொடங்கியது. குழலின் நுனியில் இருக்கும் பித்தளை மணியை, கண்ணருகே இருக்கும் பின்வெட்டின் நடுவில் நிறுத்தித்தான் அந்த ரைஃபிளில் குறி பார்க்க வேண்டும். அந்த மணி பூஞ்சை பிடித்ததுபோல் தெரிந்தது. ரீட்டாவின் சிவப்பு நகப்பூச்சை அதில் தடவிப் பார்த்தார். சிவப்புப் பூஞ்சை தெரிந்தது. செப்டம்பரில் ஒரு கிடாரி, அக்டோபரில் ஒரு பன்றி, இரண்டுக்கும் இரண்டிரண்டு தோட்டா.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். அறுவைச் சிகிச்சைக்கு மார்ச்சில்தான் இடம் இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் நவம்பர்தான் வெட்டும் மாதம். பன்றி மார்ச் வரை காத்திருந்தால், தின்கிற தீவனத்தின் விலை அதன் இறைச்சியைத் தாண்டிவிடும்.

"இந்த சீசன் நான் சுடறேன் மச்சான். நீ வாளியப் புடி" என்றான் கிளேட்டன்.

"மானைக் குறி வச்சு தபால் பெட்டியச் சுட்டவன்தானே நீ?"

"அந்தத் தபால் பெட்டிக்கு ரெண்டாவது குண்டு தேவைப்படல, அதையும் சொல்லு."

வெர்னன் சிரித்தார். ரைஃபிளைத் தரவில்லை. மறுநாள் லெஸ்டர் க்விம்பியின் கடைக்குப் போனார்கள்.

லெஸ்டரின் கடையில் முன்பாதி தூண்டில் சாமான், பின்பாதி துப்பாக்கி. குளிர்பெட்டியில் பாலுக்குப் பக்கத்திலேயே மண்புழு டப்பா இருக்கும். வெர்னன் விஷயத்தைச் சொன்னதும் லெஸ்டர் மூன்று அட்டைப் பெட்டிகளை மேசையில் வைத்தான். மூன்றும் ரெட் டாட். துப்பாக்கியின் முதுகில் பொருத்தும் சின்னக் கண்ணாடி. பேட்டரி போட்டால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். மணியும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். புள்ளியை எங்கே வைக்கிறோமோ அங்கே குண்டு போகும். கண் மங்கியவர்களுக்கு வரப்பிரசாதம் என்று ஊரில் பேச்சு.

மிக மலிவானதை முதலில் பார்த்தார் வெர்னன்.

"இதுல எங்கடா புள்ளி? திராட்சைக் கொத்து மாதிரி இருக்கு."

"கண்ணாடியக் குத்தம் சொல்லாத. உன் கண்ணு அப்படி. வெளிச்சத்தைக் கொறை."

குறைத்தார். கொத்து ஒற்றைப் பழமானது, ஆனால் நசுங்கிய பழம். கண்ணாடியின் ஓரம் முழுக்க நீல மினுக்கம் வேறு. அதை ஒதுக்கினார்.

இரண்டாவது அருமையாக இருந்தது. பழைய ரைஃபிளின் முதுகில் இருக்கும் குறுகிய பள்ளத்துக்கென்றே செய்த பிடியோடு வந்தது. குழலை ஒட்டினாற்போல் தாழ்வாக உட்கார்ந்தது. பெரிய புள்ளி, கலங்காத புள்ளி. நூற்றுத் தொண்ணூறு டாலர். மூன்றாவதிலும் அதே அளவு புள்ளி, ஏறக்குறைய அதே தெளிவு. தொண்ணூற்றைந்து டாலர். அதன் பிடி அகலமானது, இந்தப் பள்ளத்தில் நிற்காது. இடையில் ஒரு இரும்புக் கட்டை வைக்க வேண்டும்.

"தண்ணி போகுமா உள்ள? வேலை முடிஞ்சா நான் ஹோஸ் புடிச்சுக் கழுவுவேன்."

"ஏரியில போட்டு எடு. எரியும்."

"மைனஸ் இருபதுல?"

"பேட்டரிய சட்டைப் பைக்குள்ள வச்சுக்க. நீ நடுங்குவ, அது நடுங்காது."

வெர்னன் மூன்றாவதைத் தோளில் வைத்துப் பார்த்தார். "என்னடா இது, ஒசரமா மாடியில உக்காந்திருக்கு?"

"அந்தக் கட்டையோட ஒசரம். நல்லதுதானே? உன் வயசுக்குக் கழுத்தை மடக்க வேணாம்."

மார்ச் வரைக்கும்தானே என்று நினைத்தார் வெர்னன். அதற்குப் பிறகு கண் வந்துவிடும், மணியே போதும். மூன்றாவதையே வாங்கினார். லெஸ்டருக்கு அவருடைய தொழில் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வருடம் அவன் விற்ற ரெட் டாட் அத்தனையும் அணில் வேட்டைக்காரர்களுக்கு. வாய்ப் பழக்கத்தில், "இருபத்தஞ்சு கெஜத்துல வச்சு சரி பண்ணிக்க" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தான். எவ்வளவு தூரத்தில் சுடுவாய் என்று அவன் கேட்கவில்லை. வெர்னனும் சொல்லவில்லை.

சரளைக் குழியில் காகிதத் தட்டு ஒன்றை நிறுத்தி இருபத்தைந்து கெஜத்தில் சரிசெய்தார்கள். கடைசி ஐந்து ஓட்டைகளையும் ஒரு கால் டாலர் நாணயத்தால் மூட முடிந்தது. வெர்னன் அந்தத் தட்டைக் கழற்றி ரீட்டாவிடம் காட்ட எடுத்துக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு வண்டியில் அவர் விசிலடித்ததாகக் கிளேட்டன் சொல்கிறான்.

"பக்கத்துல வச்சு ஒண்ணு சுட்டுப் பாக்கலாமா மச்சான்?"

"இருபத்தஞ்சு கெஜத்துல காசுக்குள்ள விழற குண்டு, ரெண்டடியில எங்கடா ஓடிப்போயிடும்?"

அந்தக் கேள்வியை அன்று யாரிடம் கேட்டிருந்தாலும் பதில் இருந்திருக்காது.

மறுவாரம் சனிக்கிழமை, ஆர்டிஸ் ஹோல்ப்ரூக் வீடு. ஆர்டிஸ் எழுபத்தாறு வயதுப் பெண்மணி, தனிக்கட்டை. பட்டியில் இருந்த ஓபல் என்ற தாய்ப்பன்றிக்கு ஒன்பது வயது. எத்தனையோ ஈற்றுக் குட்டிகளை வளர்த்துக் கொடுத்துவிட்டு, இப்போது பின்னங்கால் இழுத்துக்கொண்டு கிடந்தது. பெரிய வெட்டுக்கூடத்தில் இடம் வாங்கலாம். ஆனால் வண்டியில் ஏற்ற வேண்டும். அந்தக் காலோடு சறுக்குப் பலகையில் ஏறாது, இழுப்பார்கள், கத்தும். அது நடக்கக் கூடாது என்பதற்காகவே ஆர்டிஸ் வெர்னனைக் கூப்பிட்டிருந்தார். வாளியைத் தானே பிடிப்பதாகவும் சொல்லியிருந்தார்.

"அவளுக்குச் சத்தம்கூடக் கேக்கக் கூடாது வெர்னன்."

"கேக்காது ஆர்டிஸ். சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"உன் கண்ணு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்."

"அதுக்குத்தான் இது" என்று கண்ணாடியைக் காட்டினார். ஆர்டிஸ் குனிந்து பார்த்தார். புள்ளி தெரிந்தது. தலையசைத்தார்.

ஓபல் சோளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தலையைத் தூக்கியது. மங்கலான நெற்றியின் மேல் சிவப்புப் புள்ளி மட்டும் கலங்காமல் நின்றது. கண்களுக்கு ஓர் அங்குலம் மேலே, நடுவில், எப்போதும் மணியை வைக்கும் அதே இடத்தில் அதை நிறுத்தி விசையை அழுத்தினார்.

ஓபல் விழவில்லை. குண்டு கண்களுக்குக் கீழே மூக்கெலும்புக்குள் போயிருந்தது. அது போட்ட அலறல் சாலை வரை கேட்டதாகப் பக்கத்துப் பண்ணையில் சொன்னார்கள். இழுத்துக்கொண்டிருந்த காலோடு அது வெர்னனை விட்டு ஓடியது. ஓடினது ஆர்டிஸிடம். அவர் முழங்காலில் முகத்தை இடித்து, அங்கேயே நின்று கத்தியது. வாளி உருண்டது. வெர்னன் இரண்டே எட்டில் போய், கண்ணாடியைப் பார்க்காமல், குழலைக் காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டார். அதன் பிறகு பட்டியில் சத்தம் இல்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிளேட்டன் வேலையைத் தொடங்கினான், ஏனென்றால் தொடங்கத்தான் வேண்டும். தலையைக் கழுவும்போது பழக்கத்தில் வாயைத் திறந்தான். ரத்தம்தான் இருந்தது. மூடிவிட்டான். குரல் கொடுக்கவில்லை.

பகல் பாதி கழிந்ததும் கிளேட்டன் ஒரு தீவன அட்டைப் பெட்டியைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து, கரியால் ஒரு வட்டம் போட்டான்.

"புள்ளிய வட்டத்து நடுவுல வச்சுச் சுடு மச்சான். அதே ரெண்டடியில."

சுட்டார். ஓட்டை வட்டத்துக்குக் கீழே விழுந்தது. கிளேட்டன் டேப்பை வைத்துப் பார்த்தான். ஒன்றரை அங்குலம். பிறகு ரைஃபிளைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணாடிக்கும் குழலுக்கும் நடுவில் அதே டேப்பை வைத்தான். அதுவும் ஒன்றரை அங்குலம்தான், ஒரு நூலிழை அதிகம். கண்ணாடி மேலே, குழல் கீழே. பார்வையும் குண்டும் இருபத்தைந்து கெஜத்தில்தான் சந்திக்கின்றன. இரண்டடியில் குண்டு இன்னும் கீழேதான் இருக்கிறது. பழைய மணி குழலோடு ஒட்டி இருந்ததால் அந்த வித்தியாசம் சிறிது. முப்பத்தொரு வருடமாகக் கை அதைச் சொல்லாமலே சரிக்கட்டி வந்திருக்கிறது. தாழ்வாக உட்காரும் அந்த இரண்டாவது கண்ணாடி என்றால் தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம்.

"அவ்வளவுதானா விஷயம்" என்றான் கிளேட்டன். அவன் குரலில் நிம்மதி வந்திருந்தது. "புள்ளிய ஒன்றரை அங்குலம் மேல வை. முடிஞ்சுது."

வெர்னன் மேலே வைத்துச் சுட்டார். குண்டு வட்டத்துக்கு மேலே போனது. மறுபடி சுட்டார், இடது பக்கம், காது இருக்க வேண்டிய இடத்தில். மூன்றாவது அட்டையின் ஓரத்தைக் கிழித்தது. இரண்டடி தூரம்தான். விசையை அழுத்துவதற்கு முன்பே அவர் தோள் உதறுவதைக் கிளேட்டன் பார்த்தான். அலறலுக்காகக் காத்திருந்த தோள். அட்டையை மடித்து வண்டியின் இருக்கைக்குப் பின்னால் செருகினான்.

ஆர்டிஸ் வேறு துணி மாற்றிக்கொண்டு காபியோடு வந்தார்.

"இன்னிக்கு வேணாம் ஆர்டிஸ்."

"உன்னைத் திட்ட வரல நான்."

"திட்டுங்க. திட்டிட்டா நல்லாயிருக்கும்."

"திட்டி என்ன?" கோப்பையை வண்டியின் முன்மூடியில் வைத்தார். "அவ என்கிட்டதானே ஓடி வந்தா. நான்தான் காப்பாத்துவேன்னு வந்தாளா, நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு கேக்க வந்தாளா, அதுதான் தெரியல."

வெர்னன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காபி ஆறி, மேலே ஆடை படிந்தது. கிளேட்டன் அதை எடுத்துப் புல்லில் ஊற்றிவிட்டுக் கோப்பையைப் படியில் வைத்தான்.

திரும்பும் வழியில் க்விம்பியின் கடை வெளிச்சம் தெரிந்தது. கிளேட்டன் வேகத்தைக் குறைத்தான்.

"எறங்கிப் போய் அவன் சட்டையப் புடிக்கிறேன். அந்தக் கட்டைய அவன்தானே தலையில கட்டினான்?"

"விட்றா மாப்ள. அவன் அணிலுக்கு வித்தான். அணில் ரெண்டடியில வந்து நின்னு நம்ம மூஞ்சியப் பாக்காது."

"பழகினா கை வந்துடும் மச்சான். தெனம் அட்டையில சுடு. பத்து நாள்ல சரியாயிடும்."

"எதுல பழகறது? அட்டை கத்தாது. அடுத்தது கத்தும்."

வண்டி கொஞ்ச தூரம் போனது. கிளேட்டன் பழைய வேடிக்கையை எடுத்துப் பார்த்தான். "அப்போ தபால் பெட்டியச் சுட்டவன்தான் மிச்சம்."

வெர்னன் சிரிக்கவில்லை. "நாளைக்கு அந்தக் கண்ணாடியையும் கட்டையையும் கழட்டிடு. உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. மணிய வச்சு அட்டையில சுடு. கெஜக் கணக்கெல்லாம் வேணாம். ரெண்டடியில" என்றார்.

வீட்டில் காகிதத் தட்டு இன்னும் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தது ரீட்டா.

வியாழக்கிழமை காலை டன்ஹாம் பண்ணையில் மூன்று பன்றிகள். கிளேட்டன் சுடுவான். வெர்னன் வாளி பிடிப்பார்.