புத்தகம் வேண்டாம் என்று எழுதிய நூலகம்

அறக்கட்டளை அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'நேர்ல அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தாலும், "எதுக்கும் நேர்ல ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுறேனே" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவர், பதினெட்டு வருஷத்தில் நூலகங்களும் பள்ளிகளும் உதவி கேட்டு அனுப்புகிற விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இடத்துக்கு வந்திருந்தார். வீட்டுக்காரர் மின்வாரிய ஊழியர். "நான் கம்பம் ஏறுறேன், நீ ஊரெல்லாம் படி ஏறுற. ரெண்டு பேருக்கும் முழங்கால் வலிதான் மிச்சம்" என்று கேலி செய்வார்.

சோப்பு ஆலை நடத்திய பெரியவர் ஒருவர் சொத்தில் பாதியை எழுதிவைத்துத் தொடங்கிய அறக்கட்டளை அது. அவர் காலத்துக்குப் பிறகு மகள் தலைவர். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் மருத்துவர் ஒருவரும் உடன் அறங்காவலர்களாக இருந்தார்கள். நூலகம் என்றால் புத்தகம் கொடுக்கலாம், கணினி கொடுக்கலாம். விதி அவ்வளவுதான்.

அந்த வருஷம் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன நூலகத்திலிருந்து விண்ணப்பம் வந்தது. 'எத்தனை புத்தகங்கள் தேவை?' என்ற கட்டத்தில் 'வேண்டாம்.' 'கணினி?' 'வேண்டாம்.' கையெழுத்துக்கு மேலே மட்டும், 'தயவுசெய்து நேரில் வரவும்.'

"அக்கா, உங்களுக்குன்னே எழுதியிருக்காங்க" என்று பக்கத்து மேசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நிராகரித்த விண்ணப்பங்களோடு சேரவிருந்த அந்தத் தாளை அக்கா வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். வெயிலுக்கு ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டுத்தான் இறங்கினார். நூலகம் ஒரே அறை. தூசி தட்டிய அலமாரிகள், நீளமான நான்கு மேசைகள். பதினொரு பெண்கள் குனிந்த தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் கூச்ச சுபாவம். என்ன வேண்டும் என்று கேட்டால் மின்விசிறியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், "அது வந்துங்க..." என்று இழுத்தார். சரி, அவராகச் சொல்லட்டும் என்று அக்கா ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது பெண்கள் எழுந்து போயிருந்தார்கள். அக்காவுக்கும் உட்கார முடியவில்லை.

"சார், இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

நூலகர் முகம் சிவந்துவிட்டது. "அதைத்தாங்க எழுதக் கூச்சமா இருந்துச்சு. இங்க இல்லைங்க."

செவிலியர் வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "ஆம்பளைங்க பணிமனைக்குப் போயிடுவாங்க, அங்க பொம்பளைங்களுக்கு இல்ல. நாங்க காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்லக்கா. அப்படியும் பன்னெண்டைத் தாண்டாது. வீட்டுக்குப் போனா வேலை பிடிச்சுக்கும், திரும்பி வர முடியாது."

அடுத்த வாரம் அறங்காவலர் கூட்டம். அக்கா எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லி, அங்கே கழிப்பறை கட்டித் தரலாமா என்று கேட்டார். அந்த அறையில் அவர் இதுவரை விதிக்கு மாறாக எதுவும் கேட்டதில்லை.

"விதியில இடமில்லையேம்மா" என்றார் நீதிபதி.

தலைவர் முகத்தைச் சுளித்தார். "எங்க அப்பா பேரைக் கழிப்பறைச் சுவர்ல எழுதச் சொல்றீங்களா?"

"பேரெல்லாம் வேண்டாங்கம்மா. ஐயாவோட சோப்பை உள்ள வெச்சாப் போதும்."

சொன்ன பிறகுதான் அக்காவுக்குத் திக்கென்றது. ஆனால் தலைவர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மறுநாளே அக்காவோடு அந்த நூலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

விதியைத் திருத்தினார்கள்; இரண்டு கழிப்பறைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் நான்கு மாதத்தில் எழும்பின. பெண்கள் சாயங்காலம் பூட்டும்வரை உட்கார்ந்தார்கள். செவிலியர் தேர்வில் அந்தப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் தேறினார்கள். பொழுதெல்லாம் ஒன்றாக இருந்ததில் தெருவிளக்குப் பேச்சும் குடிநீர்ப் பேச்சும் வந்தன. எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு மனு எழுதினார்கள். நகராட்சி உறுப்பினர் நூலகத்துக்கே வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அறக்கட்டளை தன் படிவத்திலிருந்த கட்டங்களை எடுத்துவிட்டு, 'உங்களுக்கு என்ன தேவை?' என்று ஒரே கேள்வியை வைத்தது. ஒரு நூலகம் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை கேட்டது, இன்னொன்று மாலை நேரத்துக்கு ஓர் ஆள் கேட்டது. இரண்டும் கிடைத்தன.

அக்கா ஓய்வு பெற்றபோது, அறங்காவலராக இருக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். அக்கா இரண்டு நாள் யோசித்தார். "கூட்டத்தை ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு நூலகத்துலயோ பள்ளிக்கூடத்துலயோ வெச்சா வரேன்" என்றார். முதல் கூட்டம் ஓர் ஆரம்பப் பள்ளியின் வாசிப்பறையில் நடந்தது. இருந்ததெல்லாம் குழந்தைகள் பெஞ்சு. நீதிபதி முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, "முதல்ல இந்தப் பெஞ்சை மாத்தணும்" என்றார். "அது புள்ளைங்களுக்குச் சரியாத்தாங்க இருக்கு" என்றார் அக்கா.