எண்ணெய்க் கையும் என் புத்தகமும்

குற்றாலத்தில் புத்தகம் விற்கிறவனுக்கு மேலே சாரல், கீழே ஈரம், எதிரே உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வருகிற வாடிக்கைக்காரர். கடை வைத்துக் கஷ்டப்படும் சகோதரர்களே, உங்களுக்கு எலித் தொல்லை, கறையான் தொல்லை என்று என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.

தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் எனக்கு நிரந்தரக் கடை உண்டு. பண்டிகை, விரதம் பற்றிய புத்தகங்கள், சமய நூல்கள், சரித்திரம், இலக்கியம் இவைதான் சரக்கு. “மாந்திரீகப் புத்தகம் வையும், பிச்சுக்கிட்டுப் போகும்” என்று யோசனை சொன்னவர்களை வாசலோடு அனுப்பிவிட்டேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பானேன்? ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய்விடுவேன். அங்கே ஒரு சத்திரத்து முன்னறை எனக்குக் கடை. அந்த சீசன் விற்பனைதான் வருஷம் முழுக்கத் தென்காசிக் கடையைத் தாங்கும்.

ஒரு சீசனில் சத்திரத்துக் காரியஸ்தர் சங்கரலிங்கம் அண்ணாச்சி முதல் நாளே குண்டைத் தூக்கிப் போட்டார். வாசலில் எண்ணெய் விற்கும் சுடலைமுத்து அந்த அறையைத் தனக்குத் தரும்படி கேட்டிருக்கிறானாம். “இந்த சீசன் பாப்பேன் வே. குளிக்க வந்த எடத்துல எவன் படிக்கான்? இங்கன ஆள் வரலைன்னா அடுத்த வருஷம் எடம் எண்ணெய்க்குத்தான்” என்றார். அறை போனால் தென்காசிக் கடையையும் மூட வேண்டியதுதான்.

பக்கம் திருப்பும் உத்தியோகம்

என் கடையில் ஒரு சட்டம். எண்ணெய் தேய்த்தவர் புத்தகத்தைத் தொடக் கூடாது, பார்க்கலாம். நானே விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டுவேன். திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய். பாண்டியர் சரித்திரத்தைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் புத்தகத்தை வெடுக்கென்று பின்னால் இழுத்தேன். கோர்ட்டில் ஜட்ஜைப் பார்த்தே பழகியவர், என்னை முறைத்துப் பார்த்தார். நானும் முறைத்தேன்.

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். நான் பிடித்துக்கொண்டு நிற்க, “ம்… அடுத்தது… ம்… அடுத்தது” என்று படித்துக்கொண்டே போனார். எண்ணெய் தேய்த்துவிட்டவன் அருவிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனான். என் தோள் இற்றுவிட்டது. பிற்பாடு குளித்துவிட்டு, துவட்டிய கையோடு வந்து அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டவர், போகிறபோது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “வாங்கிட்டேன் வே. ஆனா வீட்டுல பக்கம் திருப்ப உம்மள மாதிரி ஒரு ஆள் கெடைக்குமா?”

கற்பூரம் காட்டிய புத்தகம்

சாரலில் காகிதம் பதத்துப்போகும். அதனால் தினமும் காலையில் அடுக்கைப் பிரித்துச் சாம்பிராணிப் புகை காட்டுவேன். என் புத்தகம் எதை முகர்ந்தாலும் கோயில் வாசனைதான். முந்தின சீசனில் பண்டிகைப் புத்தகம் ஒன்று வாங்கிப்போன இலத்தூர் ஆச்சி ஒருத்தி இந்தத் தடவையும் வந்தாள். “போன வருஷப் புஸ்தகம் ரொம்ப ராசி அண்ணாச்சி. இன்னொண்ணு தாரும், மகளுக்குக் குடுக்கணும்” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பகுதி பிடித்தது என்று கேட்டேன். “பகுதியா? சாமி வாசம் அடிச்சுதே, அதான் பூசையில வச்சு வெள்ளிக்கெழம தவறாம பூப்போட்டுக் கும்பிடுதேன்” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! “தாயே, அது திறந்து படிக்க! சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது” என்று கத்திவிட்டேன். அந்த இடத்திலேயே ஒரு பிரதியை விரித்துக் கையில் கொடுத்தேன். ஆச்சி எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். கார்த்திகைக்கு ஏன் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள், திருவாதிரைக்கு ஏன் களி கிண்டுகிறார்கள் என்று வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அந்த மலர்ச்சி அப்படியே கோபமாக மாறி என் பக்கம் திரும்பியது: “உள்ள இம்புட்டுச் சங்கதி இருக்குன்னு முந்தியே சொன்னா என்ன? ஒரு வருசக் கற்பூரம் வீணாப் போச்சே!”

சவுக்கையில் நடந்த பிரசங்கம்

சத்திரத்தில் மந்தமாக இருந்த ஒரு நாள், செங்கோட்டைச் சந்தையில் விற்கலாம் என்று ஒரு மூட்டைப் புத்தகத்தோடு மாட்டுவண்டியில் போனேன். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். எல்லையில் சவுக்கை என்கிற சுங்கச் சாவடி உண்டு. புகையிலை ஒளித்துக் கொண்டுபோகிறோமா என்று பார்க்க ஒவ்வொரு மூட்டையிலும் இரும்புக் கம்பியை விட்டுக் குத்துவார்கள். என் மூட்டைக்கு நேராகக் கம்பி வந்ததும் குறுக்கே கையை வைத்துவிட்டேன். “என் கையில குத்தும். புத்தகத்துல குத்தாதேயும்!” என்றேன்.

சவுக்கைக்காரர் வடக்கே எங்கோ உள்ளவர், மலையாளி. சந்தேகம் வந்து மூட்டையைப் பிரித்தார். “எந்தா இது?” என்று ஒன்றை எடுத்து நீட்டினார். பண்டிகைப் புத்தகம். உங்கள் ஓணமும் இதில் இருக்கிறது என்றேன். மனிதர் மூஞ்சியே மாறிவிட்டது. அந்த வருஷம் ஓணத்துக்கு ஊருக்குப் போக லீவு இல்லையாம். “வாயிச்சுப் பறையூ” என்று, படித்துச் சொல்லச் சொல்லிக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். மகாபலி ராஜா வருஷத்துக்கு ஒருமுறை தன் குடிகளைப் பார்க்க வருகிற கதையைப் படித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதற்குள் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஆகா, இன்றைக்கு அடிதான் என்று நினைத்தேன். கடைசி வண்டியிலிருந்து ஒருவன் எழுந்து நின்று கூப்பாடு போட்டான்: “ஏ அண்ணாச்சி, கொஞ்சம் உரக்கப் படியும்! இங்கன ஒரு எழவும் கேக்கல!”

தறிக்காரர்களும் கடைசிப் பக்கமும்

தென்காசி நெசவாளர் காதர் சாயபு, நபிகள் சரித்திரம் கேட்டுச் சத்திரத்துக்கே வந்தார். நோன்பு மாசத்தில் அவர்கள் தறிக்கூடத்தில் ஒருத்தர் படிப்பார், மற்றவர்கள் நெய்துகொண்டே கேட்பார்கள். படிக்கிறவருடைய சேலையையும் மற்றவர்கள் பங்கு போட்டு நெய்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர்களுக்குப் போன தடவை நான் கொடுத்த புத்தகத்தில் பைண்டு செய்தவன் கடைசிப் பக்கங்களை விட்டுவிட்டான். இந்த முறை அவர் எதிரிலேயே தாள் தாளாகச் சரிபார்த்துக் கொடுத்தேன். சாயபு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “படிக்கவன் சேலைய நாங்க நெய்துக்கிடுதோம். முடிவை மட்டும் எங்களால நெய்ய முடியாது பாரும்!”

இப்படிப்பட்டவர்களுக்கு விற்கிற தொழிலை விட்டு நான் எங்கே போவேன்?

கயிறு பிடித்த கதை

சீசன் முடிகிற சமயம் மலையில் அடைமழை. அருவியில் வெள்ளம் பாறையெல்லாம் மூடிக்கொண்டு விழுந்தது. குளிக்க யாரையும் விடவில்லை. சத்திரம் முழுக்கக் கூட்டம், பொழுது போகவில்லை. கையில் எண்ணெய் இல்லாத வாடிக்கைக்காரர்களை மொத்தமாக அன்றைக்குத்தான் கண்டேன்! அத்தனை பேரும் என் அறைக்குள் நுழைந்துவிட்டார்கள். பெட்டி மேல் ஒருத்தர், வாசற்படியில் நாலு பேர். ஊருக்குப் போகப் படுக்கையைச் சுருட்டியவர்கள்கூடப் புத்தகத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று மறுபடி விரித்தார்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்து, அறையை அளக்கக் கயிற்றோடு வந்தான் சுடலைமுத்து, பின்னாலேயே காரியஸ்தர். “கொஞ்சம் காலை எடுங்க” என்றான் சுடலைமுத்து. ஒருத்தரும் எடுக்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவர் பாண்டியர் சரித்திரத்திலிருந்து தலை நிமிராமலே, “சத்தம் போடாத லே, யுத்தம் நடக்கு” என்றார். இன்னொருவர் அந்த யுத்தத்தை உரக்கப் படிக்க, சுடலைமுத்து கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றான். மறுநுனியைப் பிடித்திருந்த காரியஸ்தர் எப்போது உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. அத்தியாயம் முடிந்ததும் சுடலைமுத்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டே காரியஸ்தரிடம் சொன்னான்: “அண்ணாச்சி, தண்ணி கூடுனா என் யாவாரம் படுத்துருது, இவரு யாவாரம் எந்திரிச்சிருது. எடம் இவருக்கே இருக்கட்டும், நான் வாசல்லயே நின்னுக்கிடுதேன். படிச்சிட்டு வாறவன் குளிக்காமலா போயிருவான்?”

அதற்குப் பிறகு எத்தனையோ சீசன் அவனும் நானும் ஒரே வாசலில் பிழைத்தோம். என் புத்தகம் எதிலும் ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்லை, அவனுடைய எண்ணெயில்தான் எப்படியோ சாம்பிராணி வாசம் ஏறிவிட்டது.