வீப்கெயின் பத்து நிமிடம்

வீப்கெயின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். அறுநூறு பேர் அமரும் அரங்கில், கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து இரண்டரை ஆண்டுகள் படித்தாள். அத்தனை நாளில் எந்தப் பேராசிரியரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்க வாயெடுத்தால், தன் கேள்வி தனக்கே அற்பமாகத் தெரியும்.

புள்ளியியல் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாம் முறையும் தோற்றால் அந்தப் படிப்பு அதோடு முடிந்தது. அந்த நாட்டு விதிப்படி, வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போயும் அதைத் தொடர முடியாது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. எங்கே தவறுகிறோம் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை.

"உங்க பேராசிரியரு என்ன போப்பாண்டவரா? போய்ப் பாரு, கடிச்சிட மாட்டாரு" என்றான் அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்த யானெஸ்.

பேராசிரியர் டீடமன் புதன்தோறும் இரண்டிலிருந்து மூன்று மணிவரை மாணவர்களைச் சந்திப்பார். ஆளுக்குப் பத்து நிமிடம். கதவில் ஒட்டியிருந்த தாளில், இரண்டு மணி என்ற வரிக்கு எதிரே வீப்கெ தன் பெயரை எழுதினாள். கேள்விகளை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொண்டாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு இரண்டு மணிக்கு என்று போட்டிருந்தால் இரண்டேகாலுக்குத்தான் தொடங்கும். யாரும் அதற்கு முன் வரமாட்டார்கள். அந்தப் பழக்கம் அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. புதனன்று இரண்டு பத்துக்கு நான்காம் மாடி ஏறியவள், ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதாக நினைத்தாள். கதவு மூடியிருந்தது. உள்ளே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து அறையிலிருந்த செயலர் லோசே அம்மா தாளைப் பார்த்தார்.

"உங்க நேரம் முடிஞ்சுபோச்சும்மா. அந்தக் கால்மணிக் கணக்கெல்லாம் வகுப்புக்குத்தான். இங்க ரெண்டுன்னா ரெண்டு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கதவத் தொறந்து வச்சுக்கிட்டு சும்மாதான் உக்காந்திருந்தாரு."

மற்ற இடங்கள் நிரம்பியிருந்தன. அடுத்த புதன் பேராசிரியர் ஊரில் இல்லை. வீப்கெ நடைக்கூடத்திலேயே நின்றாள். மூன்று மணிக்கு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நடந்ததை அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. கீழ எறங்குற வரைக்கும் கேளுங்க, சொல்றேன்."

இறங்க நான்கு மாடி. கையில் இரண்டு பக்கக் கேள்விகள். அவருடைய வேகத்துக்கு ஓடிக்கொண்டே எதை முதலில் கேட்பது என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டாம் மாடியில் யாரோ வணக்கம் சொன்னார்கள். அவர் நின்று பதில் சொன்னார். கடைசிப் படிகளில்தான் அவளுக்கு வாய் திறந்தது.

"தேர்வு கஷ்டமா இருக்குமா?"

"வழக்கம்போலத்தான்" என்றார். வாசலில் ஒரு கணம் நின்றார். "நீங்க வந்தது நல்லது. ஏன்னு தெரியல, நெறைய பேரு வர்றதே இல்ல." அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மாலையில் அவருக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாள். வணக்கம் சொன்ன வரியோடு அது நின்றுபோனது.

மார்ச் மாதம் தேர்வு முடிவுக் கடிதம் வந்தது. தேறுவதற்கு மூன்று மதிப்பெண் குறைவு. ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். அவர், அந்த வாத்தியாரை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாயா என்று கேட்டார்.

"பார்த்தேன்பா" என்றாள்.