பூட்ஸ் நாக்கில் ஓடிய மோட்டார் மிஷின்

பெட்ரோலும் பச்சைப் புல்லும் கலந்த வாடைதான் எனக்கு அப்பாவின் வாடை. மலாயாவின் கிள்ளானில் வெள்ளைக்காரர்கள் டென்னிஸ் ஆடிய ஒரு கிளப்பில், "மோட்டார் மிஷின்" என்று நாங்கள் அழைத்த புல்வெட்டியை ஓட்டுவது அவர் வேலை. கிளப்புக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த வீடு.

ஒரு மழைக்காலத்தில், பெட்ரோல் குழாயை மிஷினோடு சேர்க்கும் இடத்திலிருந்த "வாசர்" என்ற சின்ன வளையம் பிய்ந்து, பெட்ரோல் ஒழுகி, மிஷின் நின்றுவிட்டது. மேனேஜர் துரை சீமைக்கு எழுதிப் போட்டுவிட்டு, சாமான் கப்பலில் வந்து சேரும்வரை மிஷினுக்கும் வேலையில்லை, ஆளுக்கும் வேலையில்லை, மாதக் கடைசியில் அறையைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு வந்தது பாருங்கள் கோபம்! "காசு அகல வளையத்துக்காக நாம தெருவுல நிக்கணுமா? கழட்டிக் கொண்டாங்க, பாப்போம்" என்றாள்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் அம்மா. ஒழுகுகிற எதையும் ரப்பரால் அடைத்துவிடலாம் என்பது எங்கள் சனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. தோட்டத்து ரப்பர் "ஷீட்" ஒன்றிலிருந்து வளையம் நறுக்கிக் கொடுத்தாள். காலையில் மாட்டியது மாலைக்குள் பெட்ரோலில் ஊறி உப்பி, மூக்குச்சளி மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கிளப்புச் சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததுதான் தாமதம், அம்மா அப்பாவின் ஒரே ஜோடி பூட்ஸை எடுத்து அதன் தோல் நாக்கை அறுத்தே விட்டாள்.

"ஐயோ, அது கல்யாணத்துக்குப் போடுறது புள்ள!"

"வேலை போயிட்டா எந்தக் கல்யாணத்துக்குப் போவீங்க?"

அந்தத் தோலில் வளையம் நறுக்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டியதும் ஒழுகல் நின்றது. மறுநாள் கிளப்பே அதிர மிஷின் ஓடியது. அறையைக் காலி பண்ணுவது பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

பல மாதம் கழித்துச் சீமையிலிருந்து பெட்டி வந்தது. அந்தக் கூலிக்காரச் சாமானைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டு என்றார் துரை. அப்பா அசையவில்லை. "ஓடுது தொரை. நின்னா மாட்டுறேன்" என்றார். அறை போச்சு என்றே நினைத்தேன். துரை தானே குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தார்; விரல் ஈரமாகவில்லை. முகம் சிவக்க உள்ளே போய்விட்டார்.

ஜப்பான்காரன் சண்டை வந்து கிளப்பை மூடும்வரை அந்தத் தோல்தான் தாங்கியது. இன்று அங்கே வரிசையாகக் கடைவீடுகள், ஒரு பிடி புல் இல்லை. அப்பா, அம்மா, மிஷின், துரை எவருமில்லை. சீமைப் பெட்டி பிரிக்கப்படாமலே எங்கோ போயிற்று. போகட்டும், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.